கூவத்தூருக்கும் கொல்லிமலைக்கும் எவ்வளவு தூரம்?

(நாமக்கல்லில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'அரசியல் கொந்தளிப்பும் கிராமத்து வைத்தியமும்' என்று தலைப்பைச் சொன்னதும் ஒரு நண்பர் சிரித்துவிட்டார். "நாமக்கல்லில் ஏதய்யா கொந்தளிப்பு? முட்டை விலை இறங்கினால் ஒன்று, டீசல் விலை ஏறினால் ஒன்று. அதற்கு மேல் இங்கே என்ன நடந்திருக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். கொந்தளிப்பு என்றதும் தமிழர்களுக்கு நினைவு வருவது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இலங்கை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். 2009-இல் போரின் கடைசிக் கட்டத்தில் வன்னியில் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா என்ற அரசாங்க மருத்துவர்கள் பள்ளிக்கூடங்களையே ஆஸ்பத்திரியாக்கி வைத்தியம் பார்த்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் காயப்பட்டார்கள் என்று வெளியுலகச் செய்தியாளர்களுக்குத் தொலைபேசியில் சொன்னவர்களும் அவர்கள்தான். மே மாதம் போர் முடிந்தது. அரசு அந்த மருத்துவர்களைப் பிடித்து வைத்தது. ஜூலையில், காவலில் இருக்கும்போதே, செய்தியாளர்கள் முன்னால் உட்காரவைக்கப்பட்டு, தாங்கள் முன்பு சொன்ன எண்ணிக்கை மிகை என்று சொன்னார்கள்.

அந்தக் கணக்கில் பார்த்தால் சேலம், நாமக்கல் சமவெளியில் எதுவுமே நடக்கவில்லை. இங்கே எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேலும் குண்டு விழவில்லை. நம்மிடம் வரும் கொந்தளிப்புக்கு அரசாணை எண் இருக்கும், தேதி இருக்கும், கீழே கையெழுத்து இருக்கும். அதனால்தான் அது கொந்தளிப்பாக யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு நாள் காலையில் டாக்டர் வரமாட்டார், அவ்வளவுதான்.

2017-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய டிசம்பர் 5-ஆம் தேதி ஜெயலலிதா காலமானார். பிப்ரவரி 1 அன்று சட்டமன்றம் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு, இளநிலைக்கு ஒன்று, முதுநிலைக்கு ஒன்று என இரண்டு மசோதாக்களை ஒருமனதாக நிறைவேற்றியது. நான்கே நாளில் முதலமைச்சர் பன்னீர்செல்வம் ராஜினாமா. பிறகு மெரினாவில் அவருடைய தியானம், எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூர் விடுதி. பிப்ரவரி 16 அன்று நம்ம சேலத்துக்காரர் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சரானார். ஏப்ரல் 7 அன்று அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கரின் வீட்டில் வருமான வரிச் சோதனை, இரண்டு நாள் கழித்து ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்து. செப்டம்பரில் பதினெட்டு எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம். டீக்கடையில் நின்று டிவி பார்த்தவர்களுக்கு இந்தத் தேதிகள் இன்றைக்கும் மனப்பாடம்.

அதே ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. அதை அவ்வளவாக யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. சர்வீஸ் கோட்டா போயிற்று.

டாக்டர்கள் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்த ஒரு பையன் அல்லது பெண், அரசு வேலையில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். காய்ச்சல், சர்க்கரை, பாம்புக்கடி, கர்ப்பிணிப் பெண்கள், வாராவாரம் தடுப்பூசி, மாதாமாதம் ரிப்போர்ட். அங்கே சில வருஷம் வேலை பார்த்தவருக்கு, அரசுக் கல்லூரிகளில் மாநிலத்தின் கையிலுள்ள எம்.டி., எம்.எஸ். இடங்களில் பாதி ஒதுக்கப்பட்டிருந்தது. 1980-களின் கடைசியிலிருந்து இங்கே இருந்த வழக்கம் அது. படித்து முடித்ததும் அவர் ஓடிவிட முடியாது, ஓய்வுபெறும்வரை அரசுப் பணியில் இருப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரி இரண்டு மணிக்கு சிசேரியன் நடக்கிறது, மயக்க மருந்து கொடுக்க ஆள் இருக்கிறார் என்றால், அந்த ஆள் பெரும்பாலும் இந்த வழியாக வந்தவர்தான்.

அதாவது அது ஒரு கொடுக்கல் வாங்கல். 'நீ என் கிராமத்துக்கு வா, நான் உன்னைப் படிக்க வைக்கிறேன். படித்துவிட்டு என் ஜில்லாவுக்கே திரும்பி வா.' சேவை மனப்பான்மை என்று மேடைகளில் பேசுகிறோமே, அதை நான் குறை சொல்லவில்லை. அது உள்ளவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலையில் போய் இருக்க ஒருவர் சம்மதிக்கிறார் என்றால், அங்கே தன் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது என்று தெரிந்தே சம்மதிக்கிறார் என்றால், நாளைக்கு ஒரு வழி இருக்கிறது என்ற நம்பிக்கையும் அதில் சேர்ந்தே இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு வெறும் ஆசை என்று பெயர் வைப்பது அநியாயம்.

2016 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், இந்திய மருத்துவக் கவுன்சில் விதிப்படி முதுநிலைப் பட்டப் படிப்பில் இப்படித் தனி ஒதுக்கீடு செய்ய முடியாது, தொலைதூர, கடினமான பகுதிகளில் வேலை பார்த்தவர்களுக்கு வருஷத்துக்குப் பத்து சதவீதம் வீதம் அதிகபட்சம் முப்பது சதவீதம் ஊக்க மதிப்பெண் மட்டும்தான் தரலாம் என்றது. 2017 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை இங்கே பொருத்தியது. உடனே ஒரு சண்டை கிளம்பியது: கடினமான பகுதி என்பது எது? கொல்லிமலை, சரி. ஏற்காட்டின் கடைசி ஊர், சரி. ஆனால் புதுச்சத்திரமும் எருமப்பட்டியும் வெண்ணந்தூரும் என்ன பாவம் செய்தன? சமவெளி என்பதால் அங்கே டாக்டர் தேவையில்லையா? அரசு பட்டியல் போட்டது, வழக்கு வந்தது, பட்டியல் மாறியது. ஒரே நாளில் சேர்ந்து, ஒரே மாதிரி நோயாளிகளைப் பார்த்த இரண்டு டாக்டர்களில், ஒருவர் ஊரின் பெயர் பட்டியலில் இருந்ததால் எம்.டி.க்குப் போனார், இன்னொருவர் போகவில்லை. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து அரசு மருத்துவர்கள் புறநோயாளிப் பிரிவைப் புறக்கணித்துப் போராடினார்கள். நடக்க முடியாத ஒரு பாட்டி சீட்டை வாங்கிக்கொண்டு காத்திருந்து திரும்பிப் போனார் என்றால், அதற்கும் கூவத்தூருக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

நிலையான அரசு இருந்திருந்தால் பிப்ரவரியில் நிறைவேற்றிய அந்த நீட் மசோதாக்களுக்குத் தில்லியில் ஒப்புதல் கிடைத்திருக்குமா? அப்படிச் சொல்லிவிட எனக்குத் துணிச்சல் இல்லை. அறுதிப் பெரும்பான்மையுள்ள அரசு 2021 செப்டம்பரில் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். ஆனால் 2017-இல் நடந்தது அதைவிட மோசம். அன்றைக்குப் பேசவே ஆள் இல்லை. யார் அமைச்சர், எத்தனை நாளைக்கு அமைச்சர் என்று தெரியாத கோட்டையில், துறைச் செயலர் எந்தக் கோப்பை யாரிடம் கொண்டுபோய் வாதாடுவார்? ஆகஸ்ட் வரை, இந்த வருஷத்துக்கு மட்டுமாவது விலக்குக் கிடைத்துவிடும் என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். செப்டம்பர் 1 அன்று, நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் மாணவி அனிதா இறந்துபோனார்.

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, 2007-இலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மருத்துவக் கல்லூரியில் சேர்த்தபோது, கிராமத்துப் பிள்ளைகள் வருவார்கள் என்றார்கள். வந்தவர்களில் எத்தனை பேர் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் லட்சக்கணக்கில் பணம் கட்டிப் படித்தவர்கள் என்று நமக்குத் தெரியும். கோழிப்பண்ணைப் பள்ளிக்கூடம் என்று ஊரே கேலி பேசியது, ஆனாலும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டது. நீட் வந்ததும் அதே கட்டடங்களில் நீட் பயிற்சி என்று போர்டு மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு உண்மையில் வழி திறந்தது, 2020 அக்டோபரில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதுதான். அதையும் ஆளுநர் கையெழுத்துக்குக் காத்திருந்து, முடியாமல் அரசாணை போட்டார்கள்; மறுநாள் கையெழுத்து வந்தது!

சர்வீஸ் கோட்டா கதைக்குத் திரும்புகிறேன். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டது தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம். 2017-இல் கோட்டா போனதிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடையில் கொரோனா வேறு வந்துவிட்டது.

அந்த இடைவெளியில்தான் அரசு மருத்துவர்களின் 2019 போராட்டம். அக்டோபர் 25-இலிருந்து ஒரு வாரம். முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று அரசாணை 354. 2009-இல் தி.மு.க. ஆட்சியில் போட்டது அது; குறிப்பிட்ட வருஷம் வேலை பார்த்தால் குறிப்பிட்ட ஊதிய உயர்வு என்ற ஏற்பாடு. அதை மறுபரிசீலனை செய்து ஒழுங்காக அமல்படுத்துங்கள் என்று கேட்டார்கள். அ.தி.மு.க. அரசு பலரைத் தூரத்து ஊர்களுக்கு இடமாற்றம் செய்தது. அந்த உத்தரவுகளை மறு வருஷம் பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே பிப்ரவரியில் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான டாக்டர் லட்சுமி நரசிம்மன் காலமானார். கோரிக்கையை எதிர்க்கட்சியாக இருந்தபோது ஆதரித்தவர்கள் 2021-இல் ஆட்சிக்கு வந்தார்கள். 2025 ஜூனில், அதே 354-ஐக் கேட்டு, அரசு மருத்துவர்கள் நம்ம மேட்டூரிலிருந்து சென்னையை நோக்கி நடைப்பயணம் கிளம்பினார்கள். ஆணை போட்டது ஒரு கட்சி, இடமாற்றம் செய்தது இன்னொரு கட்சி, மறுபடி காத்திருக்க வைத்தது ஆணை போட்ட கட்சி. இதில் நான் யார் பக்கமும் பேசவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ரோட்டில் நடப்பவரைப் பார்த்து, அடுத்த வருஷம் எம்.பி.பி.எஸ். முடிக்கப்போகும் மாணவி என்ன முடிவெடுப்பாள் என்பதுதான் என் கவலை.

இதுவரை டாக்டர்களின் நம்பிக்கை பற்றிப் பேசினேன். ஜனங்களின் நம்பிக்கைக்கு வருகிறேன். அது உடைந்தால் ஒட்டவைக்க இன்னும் அதிக நாளாகும்.

நெருக்கடி நிலைக் காலம். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. நாடு முழுக்கக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு இலக்கு. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் இந்தியாவில் நடந்த கருத்தடை அறுவைகள் எண்பது லட்சத்துக்கு மேல். அதில் ஆண்களுக்குச் செய்தது மட்டும் அறுபது லட்சத்தைத் தாண்டியது. வடக்கே நடந்த கொடுமை இங்கே அந்த அளவுக்கு இல்லை. 1977 தேர்தலில் தமிழ்நாடு 39-இல் 34 தொகுதிகளை இந்திரா காந்தி இருந்த கூட்டணிக்கே கொடுத்தது என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் 'டார்கெட்' என்ற வார்த்தை சுகாதாரத் துறையின் ரத்தத்தில் கலந்தது. தில்லியில் புது ஆட்சி வந்து, குடும்பக் கட்டுப்பாட்டைக் குடும்ப நலம் என்று பெயர் மாற்றியது. ஆண்களை மேஜையில் படுக்க வைக்க அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் தைரியம் வரவில்லை. இலக்கு மட்டும் போகவில்லை, அது பெண்கள் பக்கம் திரும்பியது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் 0.1 சதவீதம். ஒரு அரசியல் பயத்தின் பாரத்தை இரண்டு தலைமுறைப் பெண்கள் வயிற்றில் சுமந்திருக்கிறார்கள்.

அந்த இலக்கை எட்ட வேண்டியவர் யார்? கிராம சுகாதார செவிலியர். ஊர் ஜனம் 'நர்சம்மா' என்று கூப்பிடுகிற அதே பெண். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அவர் பையில் சொட்டு மருந்தும் இருக்கும், இரும்புச்சத்து மாத்திரையும் இருக்கும், மாதக் கடைசியில் எத்தனை ஆபரேஷன் கேஸ் என்ற பயமும் இருக்கும். இலக்கு முறை 1996-இல் தான் அதிகாரபூர்வமாக எடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருஷங்களில் சேலம், தருமபுரி பக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இரண்டு பிள்ளை போதும் என்று அரசு சொல்கிறது. இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்று வீடு சொல்கிறது. பிறந்த பெண் சிசு செத்துப்போகிறது. நர்சம்மா அந்த வீட்டுக்கு நேற்று வரை போய் வந்தவர். போலீசுக்குச் சொன்னால் அந்த ஊரில் இனி எந்த வீட்டுக் கதவும் திறக்காது, சொல்லாவிட்டால் மனசாட்சி விடாது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் மரணத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'சமூகக் காரணங்கள்' என்று எழுதினார்கள். கோழைத்தனம் என்று அதைச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்படியாவது எழுதி வைத்ததால்தான் எந்த வட்டாரத்தில் எத்தனை என்று பின்னால் எண்ண முடிந்தது. வேண்டாத பெண் சிசுவை அரசே வாங்கிக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் நம்ம சேலத்தில்தான் தொடங்கியது. ஆட்சி மாறியபோது அதன் வேகம் குறைந்தது, 2001-இல் ஜெயலலிதா திரும்பி வந்ததும் வேறு ஜில்லாக்களுக்கும் விரிந்தது. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தெரியாது, இது யாருடைய ஐந்து வருஷம் என்று.

எல்லாமே சரிந்துவிட்டது என்று புலம்ப நான் வரவில்லை. சரியாமல் நின்றவையும் உண்டு, அவை ஏன் நின்றன என்று பார்க்க வேண்டும். சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, மாகாணப் பிரதமராக இருந்தபோது 1939-இல் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் அந்த மாதிரிச் சட்டம் அதுதான் முதல். அந்த வருஷ அக்டோபரிலேயே, போரைக் காரணம் காட்டி மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டது. சட்டம் இருந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது அரசு எடுத்து வீசிய ஆயுதங்களில் எண்பது வயதான அந்தச் சட்டமும் ஒன்று.

இன்னொன்று மருந்து. 1990-களின் ஆரம்பத்தில் அரசு ஆஸ்பத்திரி மருந்து வாங்குவதில் ஊழல் நாறியது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தினார்கள். பூரணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி அதற்கு உரு கொடுத்தார். மொத்தமாக டெண்டர், தரப் பரிசோதனை, ஜில்லாவுக்கு ஒரு கிடங்கு, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக், அதில் அந்த வருஷத்துக்கான ஒதுக்கீடு. பேங்க் பாஸ்புக் மாதிரியேதான்: எடுக்க எடுக்க மீதி தெரியும். 1996-இல் ஆட்சி தலைகீழாக மாறியது. முந்தைய ஆட்சியினர் மேல் வழக்குமேல் வழக்கு. ஆனால் இந்தக் கழகத்தில் யாரும் கைவைக்கவில்லை. 2001-இல் மறுபடி மாறியது, அப்போதும் இல்லை. பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்களுக்கு ஒன்று அமைத்துக்கொண்டன. மருந்து தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு: 2022 மார்ச்சில் இலங்கையில் டாலர் தீர்ந்து, பேராதனை ஆஸ்பத்திரி திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளை மருந்து இல்லாமல் நிறுத்தியது. மே மாதம் சென்னையிலிருந்து கப்பலில் அரிசியும் பால் பவுடரும் போனபோது, கூடவே 24 டன் மருந்தும் போயிற்று.

இந்தக் கழகத்துக்கு எந்தத் தலைவர் பெயரும் இல்லை. அதன் ஆயுளுக்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் சந்தேகப்படுகிறேன்.

பெயர் வைத்தவற்றின் கதை வேறு. 2020 டிசம்பரில் அம்மா மினி கிளினிக், மொத்தம் இரண்டாயிரம் என்றார்கள். 1,820 டாக்டர்கள், எல்லோரும் ஒப்பந்த வேலை. 2022 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அது தற்காலிகத் திட்டம்தான் என்றார்கள். 1999-இல் தொடங்கிய வருமுன் காப்போம் மருத்துவ முகாம் திட்டம், இடையில் மறந்துபோய், 2021 செப்டம்பரில் 'கலைஞரின்' என்ற முன்னொட்டோடு நம்ம வாழப்பாடியில் மறுபடி தொடங்கியது. கொரோனா நேரத்தில் தேர்வு வாரியம் மூலம் ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களுக்கு, இனி நீட்டிப்பு இல்லை என்று 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு சொல்லிவிட்டார்கள். சேலத்தில் திரண்டு போராடினார்கள் அந்தப் பெண்கள். கொரோனா வார்டில் நின்றபோது அவர்கள் மேல் பூத் தூவினோம், அது ஒரு ஆட்சி; வேலை போனது இன்னொரு ஆட்சி.

கடைசியாக, இதோ பக்கத்தில் இருக்கிற நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி. மத்திய அரசும் மாநில அரசும் பணம் போட்டன. 2020-இல் அ.தி.மு.க. ஆட்சியில் அடிக்கல். 2022 ஜனவரி 12 அன்று தி.மு.க. ஆட்சியில் பிரதமர் காணொலியில் திறந்துவைத்தார். ஒரே நாளில் திறந்த பதினோரு கல்லூரிகளில் மொத்தம் 1,450 இடங்கள், நமக்கு 100. எல்லோரும் உரிமை கொண்டாடலாம், தவறில்லை. முதல் வகுப்பு அந்த வருஷம் சேர்ந்தது. நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி மருத்துவம், எல்லாம் முடித்து வெளியே வர 2027 ஆகிவிடும். அவர்களில் யாரையாவது கொல்லிமலைக்குப் போவாயா என்று கேட்டால், திருப்பி நம்மை இரண்டு கேள்வி கேட்பார்கள். சர்வீஸ் கோட்டா அன்றைக்கு இருக்குமா? இருந்தால் அது அரசாணையாக இருக்குமா, சட்டமாக இருக்குமா? 2020 தீர்ப்பு மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னதோடு நிற்கவில்லை. இந்த ஒதுக்கீட்டில் படித்தவர்கள் குறைந்தது ஐந்து வருஷமாவது கிராமத்திலும் மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் வேலை பார்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்றும் சொன்னது. சட்டமன்றத்தில் நம்ம ஜில்லாவுக்கு ஆறு உறுப்பினர்கள், சேலத்துக்குப் பதினொரு பேர். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது இந்த இரண்டு கேள்வியையும் அவர்களிடம் கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாதவர்களுக்கு, தீர்ப்பைத் தேடி எடுத்துக் கையில் கொடுக்க நான் தயார்.